மூணாறு போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

போடி, தேனி, உடுமலைப் பக்கமிருந்து மலையேறுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் ரூபாய்க் கணக்கு எங்கும் எழுதவில்லை.

மூணாறு கேரளாவா, தமிழ்நாடா? அங்க தமிழ்ல பேசினா புரியுமா?

கேரளம்தான். இடுக்கி மாவட்டம், தேவிகுளம் தாலுகா. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்ற மூன்று ஆறுகள் சேரும் இடம் என்பதால் மூணாறு. ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது.

தமிழ் தாராளமாகப் புரியும். தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கடைவீதி, ஆட்டோ ஸ்டாண்டு, சந்தை எல்லாவற்றிலும் தமிழிலேயே பேசலாம். வனத்துறை, போலீஸ் அறிவிப்புப் பலகைகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும்தான் அதிகம் இருக்கும். படிக்கத் தெரியாவிட்டால் பக்கத்துக் கடையில் கேளுங்கள். தெரியாமல் போய்விட்டேன் என்று சொன்னால் வனத்துறையில் எடுபடாது.

ஊட்டி, கொடைக்கானல் மாதிரி இ-பாஸ் எடுக்கணுமா?

வேண்டாம். அந்த இ-பாஸ் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வந்தது. மூணாறுக்கு அது பொருந்தாது. கொடைக்கானலையும் சேர்த்துச் சுற்றுகிறவர்கள் அந்தப் பகுதிக்கு மட்டும் எடுத்தால் போதும்.

சொந்தக் காருக்கு எல்லையில் வரி கிடையாது. தமிழ்நாட்டு மஞ்சள் போர்டு வண்டியில் போனால் பர்மிட், வரி விவரங்களைக் கிளம்பும் முன்பே ஓட்டுநரிடம் கேட்டு, ரசீதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். தெரிந்தவருடைய வெள்ளை போர்டு காரை வாடகைக்குப் பேசிப் போகிறவர்கள்தான் செக்போஸ்ட்டில் அதிகம் மாட்டுகிறார்கள்.

எந்த மாசம் போனா நல்லா இருக்கும்?

எதற்காகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. குளிர்தான் வேண்டும் என்றால் டிசம்பர் கடைசியும் ஜனவரியும். செண்டுவாரை, லட்சுமி, சைலன்ட்வேலி எஸ்டேட் பள்ளங்களில் விடியற்காலை உறைபனி படியும். பாதரசம் சுழியம் வரை இறங்கும் நாட்களும் உண்டு. அதே நாளில் மதியம் வெயில் சுள்ளென்று அடிக்கும். அதனால் ஒரே கனமான கோட்டை விட இரண்டு மூன்று மெல்லிய அடுக்குகளாக உடுத்துவதே வசதி.

அருவியும் பச்சையும் வேண்டும் என்றால் செப்டம்பர். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்யும். அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை. ஏப்ரல், மே விடுமுறையில் சீதோஷ்ணம் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் மாட்டுப்பட்டி சாலையில் வண்டி நகராது. ஞாயிறும் பண்டிகை விடுமுறையும் எந்த மாதமானாலும் தவிர்க்க வேண்டியவை.

போடி வழியா போறதா, உடுமலை வழியா போறதா?

மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்தவர்களுக்குப் போடி வழி. போடியைத் தாண்டி முந்தலில் ஏற்றம் தொடங்கும். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். பிறகு பூப்பாறை, ஆனையிறங்கல், கேப் ரோடு, தேவிகுளம் வழியாக மூணாறு. இது கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை 85. தேனியிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். நிற்காமல் போனால் இரண்டரை, மூன்று மணி நேரம். காட்சிக்கு இந்த வழிதான் ஒரு படி மேல்.

கோவை, திருப்பூர், பழனி பக்கத்தவர்களுக்கு உடுமலை வழி. ஒன்பதாறு செக்போஸ்ட், சின்னாறு, மறையூர், மூணாறு. இதுவும் 85, 90 கிலோமீட்டர்தான். ஆனைமலைப் புலிகள் காப்பகம், சின்னாறு சரணாலயம் இரண்டுக்கும் நடுவே போகும் சாலை இது. செக்போஸ்ட்டில் நேரக் கட்டுப்பாடு இருக்கும். மதியம் 3 மணிக்குள் காட்டுக்குள் நுழைந்துவிடும்படி கிளம்புங்கள். நடுவில் வண்டியை நிறுத்தி இறங்கினால் அபராதம். அந்த அபராதத்தை விட யானை பெரிய தொல்லை.

மலையில் கிலோமீட்டரைப் பார்த்து நேரம் போடாதீர்கள். மணிக்கு 25 முதல் 30 கிலோமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாற மாட்டீர்கள்.

கார் இல்லை. பஸ்லயும் ரயில்லயும் போக முடியுமா?

முடியும். 2023 ஜூனிலிருந்து போடிநாயக்கனூர் வரை அகலப்பாதையில் ரயில் ஓடுகிறது. சென்னை சென்ட்ரலிலிருந்து வாரத்தில் மூன்று நாள் விரைவு ரயிலும், மதுரையிலிருந்து தினசரி ரயிலும் உண்டு. போடி, தேனி, உடுமலை பேருந்து நிலையங்களில் மூணாறு பஸ் கிடைக்கும். காலை பஸ்களை நம்புங்கள், மாலை பஸ்களை நம்பி மலையில் நிற்காதீர்கள்.

ஊருக்குள் சுற்ற ஆட்டோ, ஜீப் தவிர கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கண்ணாடிக்கூரை டபுள் டெக்கர் பஸ்ஸும் 2025 பிப்ரவரியிலிருந்து கேப் ரோடு வழியாக ஆனையிறங்கல் பக்கம் ஓடுகிறது. கார் ஓட்டுகிறவருக்குச் சாலையைத்தான் பார்க்க முடியும். அவருக்கும் ஒரு நாள் ஓய்வு கொடுத்து இதில் ஏற்றுங்கள்.

காலையில போயி ராத்திரி திரும்பிடலாமா? எத்தனை நாள் வேணும் அண்ணே?

போய்த் திரும்பலாம், பார்க்கத்தான் முடியாது. மூணாறு ஒரு ஊர் என்று நினைப்பதில்தான் தப்பு தொடங்குகிறது. அது நான்கு திசைக்கும் சாலை பிரியும் ஒரு சந்தி. வடக்கே ராஜமலை, லக்கம் அருவி, மறையூர், காந்தளூர். கிழக்கே மாட்டுப்பட்டி, எக்கோ பாயின்ட், குண்டளை, டாப் ஸ்டேஷன், வட்டவடை. தென்கிழக்கே தேவிகுளம், கேப் ரோடு, ஆனையிறங்கல், சூரியநெல்லி. மேற்கே பள்ளிவாசல், ஆனச்சால், அடிமாலி. ஒரு திசையிலிருந்து இன்னொன்றுக்குப் பெரும்பாலும் குறுக்கு வழி இல்லை. ஊருக்குத் திரும்பித்தான் போக வேண்டும்.

ஒரு நாளைக்கு ஒரு திசை. இரண்டு இரவு, மூன்று பகல் இருந்தால் நிதானமாகப் பார்க்கலாம். போடி வழியாக ஏறி உடுமலை வழியாக இறங்கினால் இரண்டு திசைகள் போகிற போக்கிலேயே முடிந்துவிடும். கையில் ஒரே நாள்தான் என்றால் போடிமெட்டு, கேப் ரோடு, ஆனையிறங்கல் அணை மூன்றோடு திரும்புங்கள். மூணாறு கடைவீதி வரை போகவே வேண்டாம்.

ஆன்லைன்ல மூணாறு ரிசார்ட்னு போட்டு புக் பண்ணினோம். போனா அது எங்கயோ இருக்கு. இது எப்படி?

இணையத்தில் மூணாறு என்று விளம்பரமாகும் விடுதிகளில் நிறைய ஆனச்சால், பைசன்வேலி, அடிமாலிப் பக்கம் இருப்பவை. அடிமாலி மூணாறிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், உயரமும் குறைவு. அங்கே குளிரும் இருக்காது, தேயிலையும் இருக்காது. இடம் மோசம் என்று சொல்லவில்லை. நீங்கள் தேடிப் போனது அதுவல்ல, அவ்வளவுதான்.

பணம் கட்டும் முன் விடுதியின் வரைபடக் குறியீட்டை வாங்கி மூணாறு பேருந்து நிலையத்திலிருந்து எத்தனை நிமிடம் என்று பாருங்கள். கடைசி ஒரு கிலோமீட்டர் தார்ச்சாலையா, கல்சாலையா என்றும் கேளுங்கள். தரை தாழ்ந்த கார்கள் அங்கேதான் அடிபடும். வெந்நீர் எத்தனை மணி வரை வரும் என்பது மூன்றாவது கேள்வி. கொழுக்குமலை போகிறவர்கள் சின்னக்கானல், சூரியநெல்லிப் பக்கமும், டாப் ஸ்டேஷன் போகிறவர்கள் மாட்டுப்பட்டிப் பக்கமும் தங்குவது மேல்.

ராஜமலைக்குப் போனோம், மூடியிருக்குன்னு சொல்லிட்டாங்க. ஏன்?

பிப்ரவரி, மார்ச்சில் போயிருப்பீர்கள். ராஜமலை என்பது இரவிகுளம் தேசியப் பூங்காவில் பார்வையாளர்களுக்கு விட்டிருக்கும் பகுதி. 97 சதுர கிலோமீட்டர் கொண்ட இந்தப் பூங்கா 1978-இல் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு இங்கேதான் மிக அதிகம். அவை குட்டி போடும் காலத்தில், ஏறக்குறைய இரண்டு மாதம், பூங்காவை மூடிவிடுவார்கள். தேதியை ஒவ்வோர் ஆண்டும் வனத்துறை அறிவிக்கும்.

திறந்திருக்கும் நாளில் முதல் பஸ்ஸைப் பிடிப்பதுதான் சூட்சுமம். சொந்த வண்டி உள்ளே போகாது. கீழே நிறுத்திவிட்டு வனத்துறை பஸ்ஸில் ஏறி, பிறகு தார்ப்பாதையில் நடக்க வேண்டும். டிக்கெட்டை ஆன்லைனிலேயே எடுத்துவிடுங்கள். 11 மணிக்கு மேல் பனிமூட்டம் இறங்கினால் எதிரில் நிற்கும் ஆனைமுடியே தெரியாது. வரையாடு பாதையோரம் வந்து நிற்கும். தொடாதீர்கள், தின்பண்டம் நீட்டாதீர்கள்.

நீலக்குறிஞ்சி இப்ப பூத்திருக்குன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

ராஜமலைச் சரிவுகளை நீலமாக்கும் குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒரு முறை பூப்பது. 2006, 2018, அடுத்தது 2030. குறிஞ்சியில் பல இனங்கள் உண்டு. வெவ்வேறு கால இடைவெளியில் பூக்கும் அவற்றில் ஏதாவது ஒன்று ஏதாவது ஒரு மலையில் பூத்துக்கொண்டுதான் இருக்கும். வாட்ஸ்அப்பில் வருவது பெரும்பாலும் அதன் படம், அல்லது 2018-இல் எடுத்த பழைய படம்.

முதல் தடவை மலையில கார் ஓட்டப் போறேன். என்ன கவனிக்கணும்?

ஏறும்போது பயம், இறங்கும்போது அலட்சியம். விபத்து பெரும்பாலும் இரண்டாவதில்தான். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். போடிமெட்டு வளைவுகளில் அது இரண்டாவது, திருப்பத்தில் முதலாவது. நியூட்ரலில் விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற பழக்கம் மலையில் உயிருக்கு உலை. கியர் வண்டியைப் பிடித்துக்கொள்ளாதபோது முழு பாரமும் பிரேக்கில் விழுகிறது. பேட் சூடேறி, பிரேக் ஆயில் கொதித்து அதில் குமிழி உண்டாகும். பிறகு பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. ஆட்டோமேட்டிக் காரில் 'டி'யிலேயே விடாமல் 'எல்' அல்லது மேனுவல் முறைக்கு மாற்றுங்கள்.

கருகல் வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டி 20, 30 நிமிடம் ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது. சூடேறிய டிஸ்க் நெளிந்துவிடும். ஹேண்ட் பிரேக்கை இறுக்குவதை விட முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைப்பது நல்லது.

ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். வளைவுக்கு முன்னால் ஒரு ஹார்ன். பனிமூட்டத்தில் ஹைபீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோபீமும் ஃபாக் விளக்கும் போதும். பெட்ரோலைப் போடியிலோ உடுமலையிலோ நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஸ்கூட்டில போகலாமா?

போகிறவர்கள் உண்டு, இறங்கும்போதுதான் சிக்கல். கியர் இல்லாத ஸ்கூட்டரில் என்ஜின் பிடிமானம் மிகக் குறைவு. மேலே சொன்ன பிரேக் சூட்டுக் கதை இதில் இன்னும் சீக்கிரம் நடக்கும். நாலைந்து வளைவுக்கு ஒரு தடவை நிறுத்தி ஆறவிடுங்கள். இரண்டு பேர் உட்கார்ந்து, பையும் கட்டிக்கொண்டு போகிற பாதை இதுவல்ல. கேரளத்தில் பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். 2023 ஜூனிலிருந்து ஏ.ஐ. கேமராக்கள் வேலை செய்கின்றன. அபராதம் நம்மூர் முகவரிக்கே வந்து சேரும்.

அம்மாவுக்கு வளைவு வந்தாலே வாந்தி. உயரத்துல மூச்சு முட்டுமா?

1,500, 1,600 மீட்டரில் ஆரோக்கியமானவர்களுக்கு மூச்சு முட்டாது. ஆஸ்துமா, இதய நோய் இருப்பவர்கள் மருந்தை மறக்காமல் எடுத்துப் போக வேண்டும். காலைக் குளிரில் நடப்பதைத் தவிர்க்கலாம்.

வாந்திக்கு: முன் சீட்டில் உட்கார வையுங்கள், போனைப் பார்க்க விடாதீர்கள், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்கள். முந்தலுக்கு ஒரு மணி நேரம் முன்பே இரண்டு இட்லியோடு சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள். வெறும் வயிறும் கெடுதல்தான். மாத்திரை போடுகிற வழக்கம் இருந்தால் டாக்டரைக் கேட்டு, மலையேற்றத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் வந்த பிறகு போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும்.

கொழுக்குமலை சூரிய உதயத்துக்குச் சொந்த ஜீப்பில போகலாமா?

கூடாது. கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் வண்டி போகும் பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான். எஸ்டேட் நிலத்துக்குள் போகும் கல்பாதை என்பதால் அங்கத்திய ஜீப்களைத்தான் விடுவார்கள். முதல் நாள் மாலையே ஜீப் பேசி, வழியில் கட்டும் கட்டணங்கள் வாடகைக்குள் அடங்குமா என்று தெளிவாகக் கேட்டுவிடுங்கள். அதிகாலை 4, 4.30-க்குக் கிளம்ப வேண்டியிருக்கும்.

முதுகுவலிக்காரர்களும் கர்ப்பிணிகளும் இந்தப் பயணத்தை விட்டுவிடுவதே நல்லது, குலுக்கல் அப்படி. 2,000 மீட்டருக்கு மேலே குளிர்காற்று காதை அறுக்கும், காதை மூடத் துணி வேண்டும். டிசம்பர் முதல் மார்ச் வரை கீழே தேனிச் சமவெளிமேல் மேகம் படுக்கை விரித்தது போலக் கிடக்கும். பருவமழை மாதங்களில் மேகம் நம்மையே மூடிக்கொள்ளும். திரும்பும்போது பழைய தேயிலைத் தொழிற்சாலையையும் பாருங்கள். பழைய ஆர்த்தடாக்ஸ் முறையில் இலையை வாட்டி, உருட்டித் தயாரிப்பது அங்கே நடக்கிறது. நாம் வீட்டில் குடிக்கும் குருணைத்தூள், இலையை இயந்திரத்தில் நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. முறை; இரண்டின் வாசமும் வேறு.

ஆனைமுடி, மீசைப்புலிமலை ரெண்டுல எது ஏறலாம்?

2,695 மீட்டர் கொண்ட ஆனைமுடி தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரம். பார்க்கலாம், ஏற முடியாது. பூங்காவின் காப்புப் பகுதி. மீசைப்புலிமலை 2,640 மீட்டர். கேரள வன வளர்ச்சிக் கழகம் முகாம், வழிகாட்டியோடு கூட்டிப் போகிறது. எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, முன்பதிவு இல்லாமல் நடக்காது. கொழுக்குமலையிலிருந்து குறுக்கே கூட்டிப் போகிறேன் என்று ஜீப்காரர் சொன்னால் சம்மதிக்காதீர்கள். மாட்டினால் வழக்கு உங்கள் பேரில்தான்.

அப்போ குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் நடந்து ஏறலாமா?

அனுமதி இல்லாமல் கூடாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும்; மனிதனால் அந்த வேகத்துக்கு ஏற முடியாது. அதனால்தான் கோடையில் பாதைகளை மூடுகிறார்கள். தமிழ்நாட்டுப் பக்கத்துப் பாதைகளுக்கு வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் எது திறந்திருக்கிறது என்று பார்த்து, அங்கேயே பதிவு செய்யுங்கள். கேரள அனுமதிச் சீட்டு இங்கே செல்லாது, இங்கத்தியது அங்கே செல்லாது. எல்லைக் கோடு காட்டுக்குள் தெரியாது என்பதுதான் இதில் உள்ள சங்கடம்.

கூகுள் மேப்ல டாப் ஸ்டேஷனுக்கும் கொடைக்கானலுக்கும் நடுவுல ரோடு காட்டுதே?

ரோடு இருந்தது. இரண்டாம் உலகப்போர் காலத்து 'எஸ்கேப் ரோடு' அது. பேரிஜம் ஏரி வழியாகப் போகும். 1990-இல் மூடிவிட்டார்கள், இப்போது காடு. கொடைக்கானலிலிருந்து மூணாறுக்கு வர பழனி, உடுமலை வழியாகவோ, வத்தலகுண்டு, தேனி, போடி வழியாகவோ சமவெளிக்கு இறங்கித்தான் ஏற வேண்டும். ஒரு முழுப் பகல் ஒதுக்குங்கள்.

டாப் ஸ்டேஷன் என்ற பெயரே ஒரு பழைய ரயிலின் மிச்சம். மூணாறிலிருந்து 32 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இந்த இடம்வரை தேயிலை குட்டி ரயிலில் வரும். இங்கிருந்து ரோப்வேயில் கோட்டகுடிப் பக்கம் இறங்கி, போடிக்குப் போகும். 1924 வெள்ளம் ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது, திரும்பப் போடவே இல்லை. காட்சிமுனை நிற்பது தமிழ்நாட்டு மண்ணில். ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். வழிக்கடைகளில் கேரட்டும் மரத்தக்காளியும் வாங்கலாம்.

யானை வழிமறிச்சா என்ன செய்யணும்?

மாட்டுப்பட்டி, தேவிகுளம், ஆனையிறங்கல், சின்னாறு நான்கிலும் யானை சாலைக்கு வரும். 'படையப்பா' என்று பேர் வாங்கிய கொம்பன் மூணாறுக் கடைகளுக்கே வருவான். 2023-இல் பிடித்து இடம் மாற்றப்பட்ட அரிக்கொம்பன் சின்னக்கானல் காட்டைச் சேர்ந்தவன்.

50 மீட்டராவது தள்ளி நிறுத்துங்கள். ஹார்ன், ஃபிளாஷ் வேண்டாம். யானை உங்களை நோக்கி வந்தால் ரிவர்ஸில் மெதுவாகப் பின்வாங்குங்கள். அதனால் பின்னால் வருகிற வண்டி ஒட்டி நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பைக்கில் இருந்தால் திருப்பிக்கொண்டு போய்விடுங்கள். உள்ளூர் பஸ், எஸ்டேட் ஜீப் வந்தால் அவர்கள் பின்னாலேயே போவது சரி. செல்ஃபி எடுக்க இறங்குகிறவர்களுக்குச் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை.

மழை அலர்ட் குடுத்திருக்காங்க. ரூமுக்குப் பணம் கட்டியாச்சு, போகலாமா?

மஞ்சள் என்றால் பகலில் மட்டும் போகலாம். ஆரஞ்சு, சிவப்பு என்றால் பணத்தை மறந்துவிடுங்கள். கேப் ரோட்டில் மண்ணும் பாறையும் சரிவது புதிதல்ல. அலர்ட் நாட்களில் இடுக்கி மாவட்ட நிர்வாகம் இரவுப் பயணத்தைத் தடை செய்வது வழக்கம். 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயத்து வீடுகளை மூடியதில் 70 பேர் போனார்கள், அநேகமாக எல்லாரும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள்.

ஏற்கெனவே மேலே இருந்தால் அறையிலேயே இருங்கள். சரிவை வெட்டிக் கட்டிய விடுதியில் பின்சுவரை ஒட்டிய கட்டிலை விட்டு மாறுவது நல்லது. மூணாறு நனையும் அதே வாரத்தில் மழைமறைவுப் பகுதியான மறையூர், சின்னாறு காய்ந்திருக்கும்; இறங்க வேண்டியிருந்தால் அந்த வழியின் நிலவரத்தை விசாரியுங்கள்.

அட்டைக்கு என்ன வழி?

மழைக்காலத்தில் சோலைக்காட்டிலும் ஈரப்புல்லிலும் இருக்கும். அட்டைக்கான நீள சாக்ஸ் முழங்கால்வரை இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. உப்பும் புகையிலைத்தூளும் கட்டிய துணியை நனைத்து பூட்ஸில் தடவுவது இங்கத்திய வழக்கம். கடித்துவிட்டால் நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பி எடுங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது. அழுத்திப் பிடித்தால் போதும்.

தேயிலைக்குள்ள இறங்கி போட்டோ எடுக்கலாம்ல?

தோட்டம் தனியார் நிலம். மருந்து அடித்த செடியா என்று பார்த்தால் தெரியாது, வரப்புக்கு இடையில் வடிகால் குழி இருக்கும், கணுக்கால் பிசகும். காட்டுப்பன்றியும் யானையும் படுத்திருக்கும். கொழுந்து எடுக்கிற அம்மாக்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அவர்கள் எடைக்கணக்கில் வேலை செய்கிறவர்கள், நிறுத்திப் பேச வைத்தால் நஷ்டம் அவர்களுக்கு. தேயிலை பற்றித் தெரிந்துகொள்ள நல்லதண்ணி எஸ்டேட்டில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது, திங்கள் விடுமுறை.

என்ன வாங்கிட்டு வரலாம்?

மறையூர் வெல்லம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. கையால் உருட்டிய உருண்டை, அடர்ந்த பழுப்பு, உப்புக் கரிப்பு இருக்காது. பளிச்சென்று மஞ்சளாக மின்னினால் அது வேறெங்கோ செய்தது. காந்தளூர், வட்டவடைப் பூண்டு சிறியது, காரம் அதிகம். ஏலக்காயைக் கடைவீதியில் வாங்குவதை விட போடியில் வாங்கலாம். ஏலம் நடக்கும் ஊர் அது. குலுக்கிப் பார்த்தால் உள்ளே விதை ஆடக் கூடாது, தோல் பச்சையாக இறுகியிருக்க வேண்டும். மறையூரில் சந்தனக் கட்டை, வேர், சீவல் என்று யாராவது ரகசியமாக நீட்டினால் கையால் தொடாதீர்கள்; சின்னாறு செக்போஸ்ட்டில் பையைத் திறக்கச் சொல்வார்கள்.